ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்குகிறவள்

வெயில் எண்ணெயை வலது கைக்கு மட்டும் தடவிக்கொள்கிறாள் எர்சீலியா. இடது கைக்கு வேண்டியதில்லை. ரயில் ஜன்னலோரத்திலேயே அது பாதி கறுத்துவிட்டது. இரண்டு கைகளும் ஒரே நிறத்துக்கு வந்த பிறகு கால்கள், அதன்பின் கழுத்து. சூரியன் உச்சிக்கு வரும்வரை பழைய நாடக அரங்கைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். உச்சி சாய்ந்ததும் எழுந்து மடக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகை வெயிலுக்குக் கொடுப்பாள். தணலில் மக்காச்சோளத்தைத் திருப்புகிறவனின் கவனம் அதில் இருக்கும்.

நீல நிற நீச்சலுடை, அதன்மேல் பித்தான் வைத்த பருத்தி கவுன், ரப்பர் செருப்பு, பக்கத்தில் சுருட்டி வைத்த பெரிய கடற்கரைக் குடை. எல்லாம் இருக்கிறது, கடல்தான் இல்லை. அவள் உட்கார்ந்திருப்பது பழைய ஓஸ்தியாவின் இடிபாடுகளுக்கு நடுவே, ரோமானியர் கட்டிய குளியல் கூடம் ஒன்றை ஒட்டிய மேடையில். கீழே தரை முழுக்க, வெள்ளைக் கல்லில் கறுப்புக் கல் பதித்து ஒரு கடலைச் செய்திருக்கிறார்கள். கடல் தெய்வமான நெப்டியூன் தன் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போகிறான். குதிரைகளுக்கு இடுப்புக்குக் கீழே மீன் வால். சுற்றிலும் டால்பின்கள். தொப்பி வைத்த வெளிநாட்டுக்காரர்கள் மேடையேறிக் கடலைப் பார்த்துவிட்டு எர்சீலியாவையும் பார்ப்பார்கள். இரண்டில் எதைப் படம் எடுப்பது என்று சிலருக்குக் குழப்பம் வரும்.

சான் பாவ்லோ பேராலயத்தின் பின்தெருவில் உள்ள சலவைக்கடையில் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. காலரை முதலில் உட்புறம் தேய்ப்பாள், பிறகுதான் வெளிப்புறம். பித்தான்களுக்கு நடுவே பெட்டியின் மூக்கை நுழைத்து எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். நாளெல்லாம் ஆவியில் நிற்கிறவள் என்பதால் குளிர்காலத்தில்கூட அவள் முகம் இப்போதுதான் படியேறி வந்தவள் முகம்போல் இருக்கும். அதிகம் பேசமாட்டாள். பேசினால் தொழிலிலிருந்தே ஒன்றை எடுத்துப் போடுவாள். "பொய்யிங்கிறது பேண்ட்டுல விழுந்த ரெண்டாவது கோடு மாதிரி. அமுக்க அமுக்கத்தான் பளிச்சுனு தெரியும்." இதைச் சொல்லிவிட்டு, கேட்டவர் ஒத்துக்கொண்டாரா என்று பார்க்காமல் அடுத்த சட்டையை எடுத்துவிடுவாள்.

மொலீசே மலைப்பக்கத்து ஊரிலிருந்து இளம்வயதில் வேலை தேடி ரோமுக்கு வந்தவள் அவள். கடையில் அவளுக்கு வைத்த முதல் பெயர் 'மலை ஆடு'. ரோமிலேயே பிறந்தவர்களுக்கு மலையிலிருந்து வந்த யாரும் ஆடுதான். அவளுக்கு முன்பிருந்தே அங்கே துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நகரும் படிக்கட்டைப் பார்த்துப் பயந்ததை யாரிடமோ சொல்லப்போய், கடையை விட்டுப் போகிறவரைக்கும் 'படிக்கட்டு' என்றே அழைக்கப்பட்டாள். அடுத்து வேலைக்குப் போன கடைக்கும் அந்தப் பெயர் அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. எர்சீலியா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

முதல் ஆகஸ்டில் கோடை விடுமுறைக்குக் கடை மூடியதும் எல்லோரும் கடலுக்குப் போனார்கள். அவளும் ஒரு குடை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு ரயில் ஏறினாள். ஓஸ்தியாவுக்குப் போனால் கடல் என்று சொல்லியிருந்தார்கள். ஓஸ்தியா இரண்டு என்று யாரும் சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் காதில் விழுந்ததும் இறங்கிவிட்டாள். கூட இறங்கியவர்கள் யாரிடமும் குடை இல்லாததை நடைபாலத்தில் ஏறிய பிறகே கவனித்தாள். நுழைவாயிலில் இருந்த நெல்லோ என்ற காவலாளியிடம், "கடல் எங்கேங்க?" என்று கேட்டாள்.

"இங்கதாம்மா இருந்துச்சு. கிளம்பிப் போயிடுச்சு."

கிண்டல் என்று நினைத்து அவள் முகம் சிவந்தது. ஆனால் அவன் சொன்னது கிண்டலே இல்லை. ஒரு காலத்தில் அலை வந்து அடித்த துறைமுகம்தான் அது. ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கரை நீண்டுகொண்டே போக, கடல் விலகிவிட்டது. ஊரை அப்படியே விட்டுவிட்டு ஊர்க்காரர்களும் போய்விட்டார்கள். திரும்பிப் போக வெட்கப்பட்டுக்கொண்டு அவள் உள்ளே நுழைந்தாள். பைன் மரங்களின் நிழலில், வண்டித்தடம் பதிந்த கருங்கல் தெருவில் மாலைவரை நடந்தாள். அடுத்த நாளும் வந்தாள். அன்று தெரிந்தே இறங்கினாள். நெல்லோ அன்று முதல் அவளைக் 'கடலம்மா' என்றுதான் கூப்பிடுகிறான். இப்போது அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. குடையைத் தரையில் குத்தக் கூடாது என்பது மட்டும் அவன் போட்ட நிபந்தனை. அவள் அதைச் சுவரில் சாய்த்துத்தான் விரிப்பாள்.

கடை திறந்ததும் கேள்விகள் வரும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. முன்கவுண்டரில் துணி வாங்கி வைக்கும் லொரெதானாதான் முதலில் கேட்பாள். கறை பார்க்கிற கண் அவளுக்கு. எது காபி, எது உதட்டுச்சாயம் என்று துணியை விரிக்கும் முன்பே சொல்லிவிடுவாள். கடையில் பெயர் வைக்கிறவளும் அவள்தான்.

"தண்ணி எப்படிக்கா இருந்துச்சு?"

"அசையவே இல்லை" என்றாள் எர்சீலியா.

"மீனு?"

"பெரிசு பெரிசா. சிலதுக்குக் குதிரைத் தலை."

கடை முழுவதும் சிரித்தது. மலை ஆட்டுக்கு இவ்வளவு நகைச்சுவை உண்டா என்று வியந்தார்கள்.

"கூட்டம் ஜாஸ்தியா?"

"செத்த ஊரு மாதிரி அமைதி."

முதலாளி இனெஸ் அம்மாவுக்குக் கேள்வி ஒன்றுதான். அவர் போகிற கடற்கரையில் கழிப்பறைக்கு வரிசையில் நின்று நின்று கால் வீங்கிவிடும். "உன் இடத்துல எப்படி?"

"வரிசையாப் போட்டிருக்காங்க, முதலாளியம்மா. ஒரே நேரத்துல ஒரு கல்யாண வீடே உக்காரலாம். எல்லாம் பளிங்கு."

அது உண்மைதான். ரோமானியர் பொதுக்கழிப்பிடத்தில் சுவரோடு சுவராக, நடுவில் தடுப்பு இல்லாமல் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியிருக்கிறார்கள். எர்சீலியா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வருடங்கள் ஓடின. 'மலை ஆடு' என்ற பெயர் தானாகவே உதிர்ந்தது. 'எர்சீலியா போகிற இடம்' என்பது கடையில் ஒரு பேச்சானது. அங்கே மணல் ஒட்டாது, வானொலியை யாரும் அலறவிட மாட்டார்கள், குடை போட முன்வரிசை பின்வரிசை என்ற சண்டை கிடையாது.

ஒரே ஒரு வழக்கத்தில் மட்டும் அவள் சேரமாட்டாள். விடுமுறை முடிந்து கடை திறக்கும் நாளில் பெண்கள் முன்கவுண்டரின் மேல் முழங்கையை ஊன்றி, கைகளை ஒட்டிவைத்து, யார் அதிகம் கறுத்திருக்கிறார்கள் என்று அளந்து பார்ப்பார்கள். கறுக்காமல் திரும்பியவள் விடுமுறைக்கே போகாதவள். எர்சீலியா எல்லோரையும்விடக் கறுத்திருப்பாள். ஆனாலும் "பெட்டி சூடாயிடுச்சு" என்று சொல்லி ஆவிக்குள் போய்விடுவாள். வாய்க்குப் பொய் வராது. கையைப் பொய் சொல்ல வைக்கவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

போன ஆகஸ்டில் ஒரு சிக்கல் வந்தது. இனெஸ் அம்மாவின் மகன் காரை எடுத்துக்கொண்டு நண்பர்களுடன் சார்தீனியாத் தீவுக்குப் போய்விட்டான். லொரெதானாவின் காதலன் வசந்தத்திலேயே போய்விட்டான். கூடவே கடற்கரையில் அவன் வீட்டாருக்கு இருந்த இடமும் போயிற்று. கடை மூடும் நாளன்று இனெஸ் அம்மா சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டே, "இந்த வருஷம் ஆகஸ்ட் பதினஞ்சு பண்டிகையன்னிக்கு நாங்களும் உன் இடத்துக்குத்தான் வர்றோம். கோழியும் குடைமிளகாயும் நான் செஞ்சு எடுத்துட்டு வர்றேன். மறுக்காதே" என்றார்.

"அங்க சாப்பாட்டுக் கடை கிடையாது, முதலாளியம்மா. மூடி ரொம்ப நாளாச்சு."

"அதனாலதான் கோழி."

பண்டிகையன்று ரயிலில் நிற்க இடமில்லை. காற்றடைத்த மெத்தைகள், தர்பூசணிகள், வாளியும் சல்லடையுமாகக் குழந்தைகள். எர்சீலியாவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. இடது கையை வெயிலில் வைக்க மறந்து மடியில் வைத்திருந்தாள். எதிரில் உட்கார்ந்த லொரெதானா அவளுடைய குடையை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பார்வை அதன் கூர்முனையில் போய் நின்றது.

"ஏன்க்கா, எத்தனை வருஷத்துக் குடை இது?"

"ரோமுக்கு வந்தப்போ வாங்கினது."

"துணியெல்லாம் வெளுத்துப் போயிருக்கு. முனையில மட்டும் கடையில பூசின பெயிண்ட் அப்படியே இருக்கு. மணலே பாக்காத மாதிரி."

எர்சீலியா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இனெஸ் அம்மா, "அவ இடத்துலதான் மணல் ஒட்டாதே, சொல்லியிருக்காளே" என்றார். லொரெதானா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கறையைப் பார்த்துவிட்டால் அவள் முதலில் பேசாமல்தான் இருப்பாள்.

அசீலியா ஸ்டேஷன் தாண்டியது. அடுத்தது பழைய ஓஸ்தியா, அதற்கடுத்தது கடல். உட்கார்ந்தே இருந்துவிடலாம் என்ற எண்ணம் எர்சீலியாவுக்கு வராமல் இல்லை. கூட்டத்தோடு இறங்கி, கண்ணில் படுகிற ஏதோ ஒரு கரையைக் காட்டி, "இதுதான்" என்றால் முடிந்தது. ஆனால் அது அவள் சொல்லும் முதல் பொய்யாக இருக்கும். அதுவும் நிற்காது. கடலை முதல்முறை பார்க்கிற முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. லொரெதானா அதைப் பார்த்த நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். திரும்பி வரும் ரயிலிலேயே பெயர் தயாராகிவிடும். 'கடல்' என்று வைப்பாளோ, பழைய ஆட்டையே அவிழ்த்துவிடுவாளோ. ஓய்வு பெறும்வரை அந்தப் பெயரோடு அந்த மேசைமுன் நிற்க வேண்டும்.

ரயில் நின்றது. எர்சீலியா குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏ, இது இல்லைடி, அடுத்தது!" என்று இனெஸ் அம்மா அவள் கவுனைப் பிடித்து இழுத்தார்.

"என் இடம் இதுதான், முதலாளியம்மா."

மெத்தைகளை விலக்கிக்கொண்டு அவள் இறங்கினாள். கோழிப் பாத்திரத்தோடு இனெஸ் அம்மாவும், நாற்காலிகளோடு லொரெதானாவும் கதவு மூடுவதற்குள் இறங்கவேண்டியதாயிற்று.

நுழைவாயிலில் நெல்லோ எழுந்து நின்றான். "வாங்க கடலம்மா! இன்னிக்குப் பரிவாரத்தோட வந்திருக்கீங்க."

"கடலம்மாவா?" என்றார் இனெஸ் அம்மா. எர்சீலியா அதற்குள் உள்ளே நுழைந்துவிட்டாள்.

கருங்கல் தெருவில் கொஞ்ச தூரம்வரை இனெஸ் அம்மாவின் வாய் ஓயவில்லை. முட்டிவலிக்காரியை இப்படியா நடக்கவிடுவது, பண்டிகையும் அதுவுமாகச் செத்தவங்க ஊருக்கா கூட்டிட்டு வருவாங்க, இதைவிட நம்ம கடையிலேயே உக்காந்து தின்னிருக்கலாம். எர்சீலியா முன்னால் நடந்து, கழிப்பிடத்தின் வாசலில் நின்று வழிவிட்டாள். இனெஸ் அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். சுவரோரம் நெடுகப் பளிங்குப் பலகை. அதில் வரிசையாகத் துளைகள்.

பிறகு இனெஸ் அம்மா கோழிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கல்யாண வீடே உக்காரலாம்னு சொன்னியேடி! உக்காரலாம்டி, உக்காரலாம்!"

அங்கிருந்து எர்சீலியா அவர்களை இன்னொரு இடத்துக்கு அழைத்துப்போனாள். நடுவில் பெரிய தொட்டிகள், சுற்றிலும் தரையில் பதித்த சட்டிகள். "இதுவும் சலவைக்கடைதான், முதலாளியம்மா. ஆளுங்க அந்தச் சட்டிக்குள்ள நின்னு காலால துணி மிதிப்பாங்க."

"எதுல? சோப்புலயா?"

"மூத்திரத்துல. தெருமுனையில ஜாடி வச்சுச் சேத்துக்குவாங்களாம்."

இனெஸ் அம்மா கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தொட்டிகளைச் சுற்றி வந்தார். வாங்க வந்தவர்போல ஒவ்வொன்றின் ஆழத்தையும் பார்த்தார். "எவ்வளவு பெரிய கடை! இடம் நல்ல இடம், தெருவைப் பாத்தாப்புல." பிறகு லொரெதானா பக்கம் திரும்பி, "ஆவி தாங்கலைன்னு இனிமே எவளாவது என்கிட்ட வந்து நில்லுங்க, பேசிக்கிறேன்" என்றார்.

லொரெதானா சிரிக்கவில்லை. அவள் இன்னும் குடையின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்கடலின் மேடையில், மரநிழல் விழும் ஓரத்தில் மூவரும் சாப்பிட்டார்கள். கோழியும் குடைமிளகாயும் ஆறியபின்தான் ருசி. எலும்பை வழித்துச் சாப்பிட்ட இனெஸ் அம்மா, நாற்காலியில் சாய்ந்து முகத்தின்மேல் தொப்பியைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். சிள்வண்டுகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. லொரெதானா கம்பித்தடுப்பில் கையை ஊன்றிக் கீழே இருந்த தரையைப் பார்த்தாள். குதிரைத் தலை மீன்கள். அசையாத தண்ணீர்.

"எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றாள். "நாங்கதான் கேக்கத் தெரியாமக் கேட்டிருக்கோம். இப்ப நேராக் கேக்குறேன். கடலைப் பாத்திருக்கீங்களா, இல்லையா?"

எர்சீலியா எலும்புகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். காகிதத்தின் ஓரங்களை மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தினாள்.

"இல்லை."

"ஒரு தடவைகூட?"

"முதல் தடவை தப்பா இறங்கிட்டேன். அப்புறம் நீங்க கேட்டீங்க, தண்ணி எப்படி இருந்துச்சுன்னு." காகிதப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்தாள். "ஆனா அதுக்காக மட்டும் வரலை. இங்க பாரு, சுவரெல்லாம் வெடிச்சு, தரையெல்லாம் மேடும் பள்ளமுமா கிடக்கு. யாரும் என்கிட்ட வந்து 'இந்தச் சுருக்கத்தை எடு'ன்னு சொல்றதில்லை."

லொரெதானாவின் வாய் எதற்கோ திறந்து மூடிக்கொண்டது. எர்சீலியா காத்திருந்தாள். பெயர் எப்போதும் அந்த வாயிலிருந்து சட்டென்றுதான் வரும். யோசித்து வந்து அவள் பார்த்ததில்லை.

"நான் பொறந்ததுலேருந்து இந்த ரயில்லதான் போறேன்" என்றாள் லொரெதானா கடைசியில். "இந்த ஸ்டேஷன்ல இறங்கினதே இல்லை. இங்க எவன் இறங்குவான்னு நினைச்சுக்குவேன்." கீழே கிடந்த எண்ணெய்க் குப்பியை எடுத்து மூடியைத் திறந்து முகர்ந்துபார்த்தாள். "இன்னும் ஒரே ஸ்டேஷன்தான்க்கா. இவங்க எந்திரிக்கிறதுக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

"இன்னொரு நாள் பாக்கலாம்."

"ஏன்க்கா? கடல் என்ன, ஓடிடவா போகுது?"

"ஒரு தடவை ஓடியிருக்கே."

லொரெதானா இதற்குத்தான் சிரித்தாள், இனெஸ் அம்மாவின் தொப்பி நழுவி விழுகிற அளவுக்கு. அதன்பிறகு அவள் கவுனைக் கழற்றிவிட்டு நீச்சலுடையோடு மேடையின் வெயில் பக்கத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். உச்சி சாய்ந்ததும் எர்சீலியா எழுந்து தன் நாற்காலியைத் திருப்பினாள். லொரெதானா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் தன்னுடையதையும் திருப்பிக்கொண்டாள். 'கடையில் சொல்லாதே' என்று எர்சீலியா கேட்கவில்லை. 'சொல்ல மாட்டேன்' என்று லொரெதானாவும் சொல்லவில்லை. மாலை ரயிலில் இருவருமே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டார்கள்.

ஆகஸ்ட் முடியும் முன்பு கடை திறந்தது. அன்று காலை எர்சீலியா வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து பெட்டியைச் சூடாக்கிவிட்டாள். முன்கவுண்டர் அவள் மேசையிலிருந்து ஒரு திரை தள்ளித்தான் இருக்கிறது; பேசுவது எல்லாம் கேட்கும். இனெஸ் அம்மா பின்னறையில் தொலைபேசியில் யாரிடமோ மூட்டுவலி சொல்லிக்கொண்டிருந்தார். துணி மடிக்கும் பெண்கள் வந்தார்கள், கைகளை ஊன்றி அளந்தார்கள். சத்தமும் சிரிப்புமாக இருந்தது. ஒவ்வொரு சிரிப்புக்கும் எர்சீலியாவின் பெட்டி சட்டையின் மேல் நின்றது. ஒரு காலரில் இரட்டைக் கோடு விழுந்துவிட்டது. அப்படி அவளுக்கு விழுந்ததே இல்லை.

பிறகு பெலார்தி வந்தார். கணக்கர், வாரம் தவறாமல் வெள்ளைச் சட்டைகளைச் சலவைக்குப் போடுகிற வாடிக்கையாளர். துணிமூட்டையை வைத்துவிட்டு லொரெதானாவின் கையைப் பார்த்தார்.

"அடேயப்பா, நல்லாக் கறுத்துட்டியே! இந்த வருஷம் எந்தக் கடற்கரை?"

"எர்சீலியாக்கா போற இடம்."

திரைக்குப் பின்னால் பெட்டி நின்றது.

"அப்படியா! அந்தப் பளிங்குக் கழிப்பறை இருக்கிற இடமா? தண்ணி எப்படி இருந்துச்சு?"

லொரெதானா ஒரு சட்டையை விரித்துக் கையிடுக்கில் கறை இருக்கிறதா என்று பார்த்தாள். அதை மடித்து ஓரமாக வைத்தாள்.

"அசையவே இல்லை சார்" என்றாள்.

எர்சீலியா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு திரையை விலக்கி முன்பக்கம் வந்தாள். பெலார்திக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டி, கவுண்டரின் மேல் ஊன்றி, லொரெதானாவின் கையோடு தன் கையை ஒட்டிவைத்தாள்.